சீட்டுக்கட்டும் நிலவறையும்

சீட்டாட்டம் என்ற சொல்லுக்கு நம் வீடுகளில் நல்ல பெயர் இல்லை. வேலையற்றவன் ஆடுவது, வீட்டைக் கெடுப்பது, இரவைத் தின்பது என்று மூன்று குற்றங்களை அதன்மேல் சுமத்திப் பெரியவர்கள் தீர்ப்பும் கூறிவிட்டார்கள். திருக்குறளிலும் சூதுக்கென்று தனி அதிகாரமே இருக்கிறது. ஆயினும் இன்று நம் விடுதி அறைகளில் ஒரு புதுவகைச் சீட்டாட்டம் நடைபெற்று வருகிறது. அதற்கு நான்கு பேர் வேண்டியதில்லை, ஒருவர் போதும். பந்தயப் பணம் கிடையாது. கணிப்பொறித் திரையில், ஜப்பானிய அனிமே ஓவியப் பாணியில் அமைந்த, பெரிய கண்களும் வண்ண முடியும் கொண்ட பாத்திரங்கள் ஒரு நிலவறைக்குள் இறங்கிப் பூதங்களோடு போரிடுகின்றன. ஆடுபவரோ கன்னத்தில் கை ஊன்றி ஐந்து நிமிடம் அசையாமல் சிந்திக்கிறார். பிறகு ஒரே ஒரு சீட்டைத் தொடுகிறார்.

இதில் அப்படி என்னதான் இருக்கிறது? “எல்லாம் குருட்டு அதிர்ஷ்டம்” என்பார் ஒருவர். “எல்லாம் படங்களின் கவர்ச்சி” என்பார் மற்றொருவர். இரண்டும் பாதி உண்மை. மீதிப் பாதி ஒரு சிறு கணக்கில் அடங்கியிருக்கிறது. அந்தக் கணக்கை அறிந்தவருக்கு இவ்வாட்டத்தின் இன்பமும் விளங்கும். இதே உருவத்தில் வந்து பணப்பையைத் தடவும் வேறோர் ஆட்டத்தை இனங்காணவும் முடியும். ஆகவே அக்கணக்கைச் சற்று விரிவாகக் காண்போம்.

இரண்டு ஓடைகள்

இவ்வகை ஆட்டம் இரண்டு ஓடைகள் கூடிய ஆறு. முதல் ஓடை மாணவர் கையால் வெட்டப்பட்டது. 1980-ஆம் ஆண்டையொட்டி, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகத்தில் பயின்ற மைக்கேல் டாய், கிளென் விச்மன் என்னும் இருவர் ‘ரோக்’ என்ற கணிப்பொறி ஆட்டத்தை எழுதினர். அதில் படம் என்பதே கிடையாது. வீரன் ‘@’ என்னும் குறி. பூதங்கள் ஆங்கிலப் பெரிய எழுத்துகள். ஆனால் இரண்டு புதுமைகள் இருந்தன. ஒவ்வொரு முறையும் நிலவறையைக் கணிப்பொறியே புதிதாக அமைத்துக் கொடுக்கும். நேற்றைய வழி இன்று உதவாது. வீரன் இறந்தால் இறந்ததுதான். விட்ட இடத்திலிருந்து தொடர முடியாது. யூனிக்ஸ் அமைப்போடு சேர்ந்து இவ்வாட்டம் பல பல்கலைக்கழகங்களுக்கும் பரவியது. இவ்விரு பண்புகளையும் பின்பற்றிய ஆட்டங்களை இன்றும் ‘ரோக்’ வழி ஆட்டங்கள் என்றே அழைக்கிறார்கள்.

இரண்டாம் ஓடை மேசைமேல் பிறந்தது. 2008-இல் டொனால்ட் வக்காரினோ என்பவர் ‘டொமினியன்’ என்னும் சீட்டாட்டத்தை வெளியிட்டார். அடுத்த ஆண்டே அது ஜெர்மனியின் புகழ்பெற்ற ‘ஆண்டின் சிறந்த ஆட்டம்’ என்ற பரிசைப் பெற்றது. வழக்கமான சீட்டாட்டத்தில் கட்டு முன்பே தயாராக இருக்கும். 52 சீட்டுகள் யாவர்க்கும் பொது. டொமினியனில் ஒவ்வொருவரும் 10 எளிய சீட்டுகளோடு தொடங்குவர்; ஆட்டத்தின் நடுவே புதிய சீட்டுகளை வாங்கித் தம் கட்டைத் தாமே அமைத்துக்கொள்வர். கட்டை வைத்து ஆடுவது போய், கட்டை அமைப்பதே ஆட்டமாயிற்று.

இந்த இரண்டையும் இணைக்கலாம் என்று முன்னரே சிலர் முயன்றனர். 2014-இல் பீட்டர் வேலன் என்பவர் வெளியிட்ட ‘டிரீம் குவெஸ்ட்’ அவற்றுள் குறிப்பிடத்தக்கது. உலகெங்கும் இவ்வகையை நிலைநாட்டிய பெருமை ‘ஸ்லே த ஸ்பைர்’ என்னும் ஆட்டத்தைச் சாரும். மெகா கிரிட் என்ற மிகச் சிறிய குழுவினர் ஆக்கிய இது 2017-இன் இறுதியில் முன்வெளியீடாகவும் 2019 சனவரியில் முழு வடிவிலும் வந்தது. இதில் இறங்குவதற்கு நிலவறை இல்லை, ஏறுவதற்கு ஒரு கோபுரம் இருக்கிறது, அமைப்பு ஒன்றே. இதன் விதிகளைக் கற்றவருக்குப் பின்னர் வந்த அனிமே பாணி ஆட்டங்கள் பலவும் எளிதில் விளங்கும் ஆதலால், இதையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

ஒரு சுற்றில் நடப்பது

முதல் வீரன் 10 சீட்டுகளோடு புறப்படுகிறான்: அடிப்பவை 5, தடுப்பவை 4, சிறப்பு அடி 1. ஒவ்வொரு முறையும் 5 சீட்டுகள் கைக்கு வரும். செலவழிக்க 3 அளவு ஆற்றல் உண்டு. சாதாரண அடிச் சீட்டுக்கு 1 ஆற்றல்; எதிரிக்கு 6 அளவு சேதம். தடுப்புச் சீட்டுக்கும் 1 ஆற்றல்; 5 அளவு காப்பு.

இங்கே ஓர் அழகான ஏற்பாடு இருக்கிறது. எதிரி அடுத்து என்ன செய்யப் போகிறது என்பது அதன் தலைக்குமேல் எழுதிக் காட்டப்படும். அது 11 அளவு அடிக்கப் போகிறது என்று கொள்வோம். நம் கையில் மூன்று அடியும் இரண்டு தடுப்பும் வந்திருக்கின்றன. இரண்டு தடுப்பையும் ஓர் அடியையும் ஆடினால் நமக்கு 1 அளவே சேதம், எதிரிக்கு 6. மூன்று அடியையும் ஆடினால் நமக்கு 11 சேதம்; எதிரிக்கு 18. எதிரியிடம் எஞ்சிய உயிர் 18-க்குள் இருந்தால் இரண்டாம் வழியில் அது செத்து வீழும். நமக்கு ஒரு கீறலும் இல்லை. 19 இருந்தால் அதே வழி பெரும் பிழை. ஓர் எண்ணின் வேறுபாட்டில் வீரம் மடமையாகிவிடுகிறது!

இங்கே தற்செயல் எங்கே நுழைகிறது என்பதைக் கவனியுங்கள். சீட்டுகள் எவை வரும் என்பதில் நுழைகிறது. வந்தபின் நாம் முடிவெடுக்கிறோம். முடிவெடுத்தபின் பெரும்பாலும் தற்செயலுக்கு வேலையில்லை. அடி என்றால் அடிதான். நம் பழைய ஆட்டங்களோடு ஒப்பிட்டால் இது நன்கு விளங்கும். பரமபதத்தில் உருட்டுவதைத் தவிர நமக்கு வேலை ஒன்றும் இல்லை. ஏணியும் பாம்பும் விதிப்படி. ஆடுபுலி ஆட்டத்தில் தற்செயலே இல்லை, முழுவதும் மதி. தாயத்தில் விழுந்த எண் விதி. எந்தக் காயை நகர்த்துவது என்பது மதி. நம் நிலவறைச் சீட்டாட்டம் தாயத்தின் இனம். ஆனால் தாயக்கட்டைக்கு இல்லாத ஒரு குணம் சீட்டுக்கட்டுக்கு உண்டு. அதுதான் இக்கட்டுரையின் உயிர்நாடி.

கட்டுக்கு நினைவு உண்டு

ஐந்து முறை உருட்டியும் தாயம் விழவில்லை என்பதற்காக ஆறாம் முறை விழும் என்ற உறுதி ஏதும் இல்லை. கட்டைக்கு நினைவு கிடையாது. சீட்டுக்கட்டு அப்படிப்பட்டதன்று. 10 சீட்டில் 5 வந்துவிட்டால், மீதி 5 அடுத்த முறை வந்தே தீரும். எடுத்த சீட்டுகள் ஒருபுறம் கழிந்துகொண்டே போகும். கட்டு தீர்ந்தபின்தான் மறுபடி கலைக்கப்படும். ஆகவே எந்த வரிசையில் வரும் என்பது தெரியாது. எவையெல்லாம் உள்ளே இருக்கின்றன என்பது முற்றும் தெரியும். அறியாமைக்கு ஓர் எல்லை இருக்கிறது. அந்த எல்லைக்குள் நின்று திட்டமிடுவதே இவ்வாட்டத்தின் முதல் இன்பம்.

இரண்டாம் இன்பம் இன்னும் நுட்பமானது. ஒவ்வொரு போரிலும் வென்றபின் மூன்று புதிய சீட்டுகள் காட்டப்படும். ஒன்றை எடுத்துக் கட்டில் சேர்க்கலாம். புதிதாக ஆடுபவர் ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சியோடு ஒன்றை எடுத்துக்கொள்வார். சேர்க்கச் சேர்க்க வலிமை பெருகும் என்பதே உலக வழக்கு அல்லவா? கணக்கு வேறு சொல்கிறது.

நம்மிடம் ஓர் அரிய சீட்டு இருப்பதாகக் கொள்வோம். கட்டில் 10 சீட்டுகள் இருந்தால், முதற்கையிலேயே அது வரும் வாய்ப்பு 10-இல் 5, அதாவது சரிபாதி. கட்டு 20 ஆனால் வாய்ப்பு நான்கில் ஒன்று. 30 ஆனால் ஆறில் ஒன்று. இனி, இரண்டு சீட்டுகள் ஒன்றாக வந்தால்தான் பெரும்பயன் என்று வைத்துக்கொள்வோம். 10 சீட்டுக் கட்டில் அவ்விரண்டும் ஒரே கையில் சேர்ந்து வரும் வாய்ப்பு 9-இல் 2. கட்டை 20 ஆக்கினால் அது 19-இல் 1 ஆகிவிடுகிறது. கட்டு இரட்டித்தது, வாய்ப்போ கால்பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது!

ஆகவே சேர்க்கும் ஒவ்வொரு சீட்டும் முன்பு சேர்த்த நல்ல சீட்டைச் சற்றே தூரத் தள்ளுகிறது. மூன்று சீட்டுகளையும் பார்த்துவிட்டு ‘எதுவும் வேண்டாம்’ என்று நகர்ந்து செல்வதும் ஒரு வல்ல ஆட்டமே. வணிகரிடம் பொன் கொடுத்துத் தம் கட்டிலிருந்து ஒரு சீட்டை நீக்கிக்கொள்ளவும் இதில் வழி இருக்கிறது. பொருளை வாங்கப் பணம் கொடுப்போம். இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு போகவும் பணம் கொடுக்கும் விந்தை இங்கேதான். டொமினியனில் இதே கருத்து வேறு உருவில் வரும்: இறுதியில் வெற்றியைத் தரும் நிலச் சீட்டுகளே ஆட்டத்தின் நடுவில் கையை அடைத்துக்கொண்டு நம்மை முடமாக்கும்.

துறத்தலைக் கற்பிக்கும் ஆட்டம் என்று இதைக் கூறினால் சிலர் சிரிக்கக்கூடும். ஆயினும் தோற்றவர் திரும்பிப் பார்க்கும்போது காண்பது என்ன? தாம் ஆசைப்பட்டுச் சேர்த்த சீட்டுகளின் பட்டியலையே காண்கிறார். பரமபதத்தில் பாம்பு கடித்தால் பாம்பைத்தான் நோகலாம். இங்கே தோல்விக்குக் காரணம் பெரும்பாலும் நம் கையெழுத்தோடு இருக்கிறது. அதனால்தான் தோற்றவுடன் ‘இன்னும் ஒரு முறை’ என்று மனம் துடிக்கிறது.

எழுத்துக்கு முகம் வந்த கதை

இனி, படங்களைப் பற்றிப் பேசுவோம். கணக்கு இவ்வளவு சுவையானதென்றால், அனிமே முகங்கள் எதற்கு?

‘ரோக்’ ஆட்டத்தின் வீரன் வெறும் ‘@’ குறி என்றோம். அந்த நிலவறை ஜப்பானுக்குச் சென்றபோதுதான் அதற்குப் பரவலாக முகம் கிடைத்தது. 1993-இல் சுன்சாஃப்ட் நிறுவனம் ‘டோர்னெகோவின் பெரும் பயணம்’ என்ற ஆட்டத்தை வெளியிட்டது. மாறிக்கொண்டே இருக்கும் நிலவறை என்னும் ‘ரோக்’ கருத்தை எடுத்து, ‘டிராகன் குவெஸ்ட்’ ஆட்டத்தில் மக்கள் ஏற்கெனவே விரும்பிய தொந்தி வணிகர் ஒருவரை அதன் தலைவராக்கினார்கள். அப்பாத்திரங்களின் உருவங்களை அமைத்தவர் ‘டிராகன் பால்’ கதையால் உலகப் புகழ்பெற்ற ஓவியர் அகிரா தோரியாமா. ஓர் எழுத்து இறந்தால் யார் வருந்துவார்? தெரிந்த முகம் வீழ்ந்தால் வருத்தம் வருகிறது.

சீட்டுக்கும் படத்துக்கும் ஜப்பானில் பழைய உறவும் உண்டு. ‘ஹனபுடா’ என்னும் மலர்ச் சீட்டுக்கட்டில் 48 சீட்டுகள், 12 மாதங்களுக்கும் 12 செடி மலர்கள், எண்களே எழுதப்படுவதில்லை. 1889-இல் கியோட்டோவில் தொடங்கிய நிண்டெண்டோ நிறுவனம் முதலில் செய்து விற்றது இந்தச் சீட்டுகளைத்தான்.

அனிமேயின் தொழில் நுணுக்கமும் சீட்டுக்கு இயல்பாகப் பொருந்துகிறது. 1963-இல் ஒசாமு தெசுகாவின் ‘இரும்புக்கை அணு’ப் பையன் தொலைக்காட்சித் தொடராக வந்தபோது, வாரந்தோறும் ஒரு கதை முடிக்கப் பணமும் ஆளும் போதவில்லை. ஆதலால் அசையாப் படத்தை நிறுத்திவைத்து, வாயையும் கண்ணையும் மட்டும் அசைத்து, வரைந்த படங்களையே மீண்டும் மீண்டும் பயன்படுத்தும் சிக்கன முறை வேரூன்றியது. ஒரே பார்வையில் ஆள் அடையாளம் தெரிய வேண்டும் என்பதால் முடியின் வடிவமும் நிறமும், உடையின் கோடும் மிகத் தெளிவாக அமைந்தன. அசையாத படத்தில் உயிர் காட்டும் கலை அது. சீட்டும் ஓர் அசையாத படந்தானே! ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுவும் இம்முறையில் அழகிய ஆட்டம் ஒன்றை ஆக்கிவிட முடிகிறது.

இரண்டு எடுத்துக்காட்டுகள் போதும். கொரியாவின் ஆல் ஃபைன் குழுவினரின் ‘குரோனோ ஆர்க்’ 2019-இல் முன்வெளியீடாக வந்து 2024 மே மாதம் முழுமை பெற்றது. இதில் நால்வர் வரை ஒரு குழுவாகச் செல்வார்கள். கட்டில் உள்ள சீட்டுகள் அந்தந்த ஆளின் செயல்கள். ஆகவே கட்டை அமைப்பதென்பது ஒருவருக்கொருவர் துணையாகும் ஒரு கூட்டத்தை அமைப்பதாகிறது. தோல்வியும் மீண்டும் தொடங்குவதும் கதைக்கு வெளியே நிற்பதில்லை; காலம் திரும்பிச் சுழலும் அந்தக் கதையின் உறுப்பாகவே அமைகின்றன. காலச் சுழல் அனிமே கதைகளில் பெரிதும் பழகிய பொருள். இறந்து இறந்து தொடங்கும் ஆட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான கதை எங்கே கிடைக்கும்?

மற்றொன்று ‘லாஸ்ட் பிராஞ்ச் ஆஃப் லெஜெண்ட்’. 2023-இல் முன்வெளியீடு கண்டது. ‘தோஹோ’ என்னும் ஜப்பானிய ஆட்ட வரிசையின் பாத்திரங்களைக் கொண்டு சீன அன்பர்கள் ஆக்கியது. தோஹோவின் படைப்பாளர் தம் பாத்திரங்களை அன்பர்கள் எடுத்தாள, சில வரையறைகளோடு, இசைவளித்திருக்கிறார். இதில் ஆற்றல் ஐந்து நிறங்களாகப் பிரிந்திருக்கும். எந்நிறச் சீட்டைச் சேர்ப்பது என்ற சிந்தனையும் கூடுகிறது.

ஒரே முகம், இரண்டு கணக்கு

இதுவரை கூறியவை நல்ல பக்கம். இனிக் கூறுவதை நண்பர்கள் சற்றுக் கூர்ந்து படிக்க வேண்டுகிறேன்.

இதே கண்கள், இதே வண்ண முடி, இதே சீட்டு வடிவம் கொண்டு வேறொரு வகை ஆட்டமும் நம் கைப்பேசிக்குள் இலவசமாக வந்து இறங்குகிறது. அதன் மையம் ‘காச்சா’. காசு போட்டுத் திருகினால் ஏதோ ஒரு பொம்மை விழும் ஜப்பானியப் பொறியின் பெயரிலிருந்து வந்த சொல் இது. எந்தப் பாத்திரம் வேண்டுமோ அதை விலைக்கு வாங்க முடியாது. ‘இழுக்கும்’ வாய்ப்பையே வாங்கலாம்.

இதன் கணக்கைப் பாருங்கள். விரும்பிய பாத்திரம் வர நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று கொள்வோம். நூறு முறை இழுத்தால் கட்டாயம் வந்துவிடும் என்று மனம் சொல்லும். உண்மையில் நூறு முறை இழுத்தும் ஏறத்தாழ 100 பேரில் 37 பேர் வெறுங்கையோடு நிற்பார்கள். ஏனெனில் இங்கே எடுத்த சீட்டு கட்டிலிருந்து நீங்குவதில்லை. ஒவ்வோர் இழுப்பும் புதிய உருட்டல். இந்தக் கட்டுக்கு நினைவு இல்லை! இத்தனை முறைக்குப்பின் கட்டாயம் தருவோம் என்று சில ஆட்டங்கள் உச்சவரம்பு வைப்பதுண்டு. அந்த வரம்புவரை செல்லும் செலவு நம்முடையது. 2012-இல், இழுத்துக் கிடைத்தவற்றைத் தொகுதியாகச் சேர்த்தால்தான் பரிசு என்னும் ‘முழுமைக் காச்சா’ முறை சட்டத்துக்கு மாறானது என்று ஜப்பானின் நுகர்வோர் துறையே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இரண்டு கணக்கும் ஒரே ஆட்டத்தில் குடியிருப்பதும் உண்டு. 2025 அக்டோபரில் வெளிவந்த கொரிய ஆட்டமான ‘கேயாஸ் சீரோ நைட்மேர்’ அவ்வாறானது. நிலவறைக்குள் கட்டு அமைக்கும் பகுதி நாம் மேலே விளக்கிய இனத்தைச் சேர்ந்தது. போருக்குச் செல்லும் பாத்திரங்களைப் பெறும் வாயிலோ காச்சா. ஆடுபவர் உள்ளே சிந்தித்து மகிழ்ந்த மகிழ்ச்சியையே வாயிலில் வந்து பணமாகக் கொடுத்துவிடக் கூடும்.

நம் நாட்டின் சட்டமும் விதிக்கும் மதிக்கும் நடுவே நெடுநாள் நின்றிருக்கிறது. ரம்மி பெரும்பாலும் திறமை ஆட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1967-இல் கூறியது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இணையவழி ஆட்டச் சட்டமோ, பணம் வைத்துப் பணம் வெல்லும் இணைய ஆட்டங்களைத் திறமையா தற்செயலா என்று பாராமலே தடுக்க முற்பட்டது. அது குறிவைப்பது பணம் வெல்லும் ஆசையை. ஒரு படத்துக்காக உதவித்தொகையில் கை வைக்கும் ஆசைக்குக் காவல் நாமேதான்.

ஆகையால் எந்த ஆட்டத்தையும் தொடங்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நலம். இந்த ஆட்டத்துக்கு முடிவு உண்டா? தோற்றால் நான் இழப்பது என்ன? பணம் கொடுத்தால் வாய்ப்பு மாறுமா? நல்ல நிலவறை ஆட்டம் முதற் கேள்விக்கு ‘ஒரு மணி நேரம் போல’ என்றும், இரண்டாவதற்கு ‘அந்த ஒரு மணி நேரம்’ என்றும், மூன்றாவதற்கு ‘மாறாது’ என்றும் விடை தரும். அந்த ஒரு மணி நேரத்தையும் குறைவாக எண்ணிவிடக் கூடாது. ‘இன்னும் ஒரு முறை’ என்பது நான்கு முறையானால் விடிந்துவிடும். காலை ஆய்வுக்கூடத்தில் துலாத்தட்டின் எண் மங்கலாகத் தெரியும். பணம் கேட்காத ஆட்டமும் தூக்கத்தைக் கேட்கும்.

தனிமைக்கு ஒரு மருந்து

வெளி மாநிலத்தில் பயிலும் நமக்கு இவ்வாட்டம் பிடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்று எண்ணுகிறேன். ஊரில் சீட்டாட நான்கு பேரைத் தேட வேண்டியதில்லை, திண்ணையே கூட்டிவிடும். இங்கே மொழி வேறு, நேரம் வேறு, அறைக்கதவு சாத்தியே இருக்கும். ஆள் தேவைப்படாத சீட்டாட்டம் அந்த இடத்தில் வந்து அமர்ந்துகொள்கிறது. அது நல்ல துணைதான். ஆனால் பேசாத துணை.

அதற்கும் ஆட்டத்துக்குள்ளேயே ஒரு வழி இருக்கிறது. கணிப்பொறி ‘தற்செயலாக’ அமைக்கும் நிலவறை உண்மையில் ஒரு வாய்பாட்டின் விளைவு. தொடக்கத்தில் கொடுக்கும் ‘விதை’ எண் ஒன்றானால் பின்வரும் தற்செயல் வரிசை முழுவதும் ஒன்றே. ‘ஸ்லே த ஸ்பைர்’ போன்ற ஆட்டங்களில் இவ்விதையை நாமே எழுதித் தொடங்கலாம். மூன்று நண்பர்கள் ஒரே விதையை எடுத்துக்கொண்டு தனித்தனியே ஆடட்டும். மூவருக்கும் ஒரே வழி, ஒரே எதிரிகள். வேறுபடுவது அவரவர் தேர்ந்த சீட்டுகளே. பிறகு தேநீர்க் கடையில் கூடி, ‘அந்தச் சீட்டை நீ ஏன் எடுத்தாய், நான் ஏன் விட்டேன்’ என்று வாதாடட்டும். விதி மூவருக்கும் ஒன்றாயிருந்தும் ஒருவர் மட்டும் வென்றிருந்தால், எஞ்சியது மதி என்பதற்கு அதைவிடத் தெளிவான சோதனை வேறு இல்லை. தேநீருக்குக் காசு கொடுப்பவர் யார் என்பதை மட்டும் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அதற்குச் சீட்டுக் குலுக்க வேண்டாம்.